சாவி யாரிடம் இருக்கிறது? டிஜிட்டல் பூட்டுகள் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய டேப்லெட் பழுதாகிவிட்டது. புதிதாக ஒன்றை வாங்கி, அதுவரை பணம் கொடுத்துச் சேர்த்திருந்த மின்னூல்களை மெமரி கார்டிலிருந்து அதில் ஏற்றினேன். கோப்புகள் பெயர் மாறாமல், அளவு குறையாமல் வந்து சேர்ந்தன. ஆனால் ஒரு நூலைத் தொட்டதும் அதன் அட்டைப்படம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அந்த இடத்தில் ‘இந்தக் கருவிக்கு உரிமம் இல்லை’ என்ற ஒற்றை வரி வந்து நின்றது. நூல்களை விற்ற கடை அதற்குள் மின்னூல் வணிகத்தையே கைவிட்டிருந்தது. நான் பதிவு செய்திருந்த மின்னஞ்சல் முகவரியும் பயன்பாட்டில் இல்லாததால், அவர்கள் அனுப்பியிருக்கக்கூடிய எந்த அறிவிப்பும் என்னை வந்தடையவில்லை. கோப்புகள் முழுவதும் என்னிடம் இருந்தும், அவற்றைத் திறக்கும் சாவி ஒருநாளும் என்னிடம் இருந்ததில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், கொடுத்த பின் எதைப் பாதுகாக்க வேண்டும் என்று அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். மின்னூல், இசை, திரைப்படம், கணினி விளையாட்டு ஆகியவற்றை இணையத்தில் வாங்கத் தொடங்கியிருப்பவர்கள் அதே இழப்பைச் சந்திக்கக் கூடாது என்ற எண்ணத்தில் அவற்றை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: சட்டத்தையும் பூட்டையும் பிரித்துப் பாருங்கள்

தமிழில் காப்புரிமை என்ற சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது. புதிய கண்டுபிடிப்புக்கு அரசு வழங்கும் உரிமையையும் அப்படிச் சொல்கிறார்கள். நூல், பாடல், படம், மென்பொருள் ஆகியவற்றின் மீது படைத்தவருக்கு உள்ள உரிமையையும் அப்படியே சொல்கிறார்கள். குழப்பம் வராமலிருக்க, இரண்டாவதை இந்தக் கட்டுரை முழுவதும் பதிப்புரிமை என்றே குறிப்பிடுகிறேன்.

பதிப்புரிமை என்பது சட்டம். அதற்குக் கால எல்லை உண்டு: நூல்களுக்குப் பொதுவாக ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் என்பது பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தம் வகுத்த குறைந்தபட்ச அளவு, இந்தியா அதை 60 ஆண்டுகளாகவும், ஐரோப்பிய ஒன்றியம் 70 ஆண்டுகளாகவும் வைத்திருக்கின்றன. அதற்கு விதிவிலக்குகளும் உண்டு. விமர்சனம் எழுதுபவர் ஒரு பத்தியை மேற்கோள் காட்டலாம். ஆய்வு செய்பவர் தேவையான சிறு பகுதியைப் படியெடுக்கலாம். டிஆர்எம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிஜிட்டல் உரிமை மேலாண்மையோ ஒரு தொழில்நுட்பம். அதைப் பூட்டு என்று சொன்னால் எளிதாக விளங்கும். பூட்டுக்குக் கால எல்லை தெரியாது, நோக்கமும் தெரியாது. மேற்கோளுக்காகப் பத்தியை நகலெடுப்பவரையும் முழு நூலைத் திருடி விற்பவரையும் அது ஒன்றுபோலவே தடுக்கும். பதிப்புரிமை முடிந்துபோன பழைய நூலின் மின்பதிப்பையும் ஒரு கடை பூட்டி விற்க முடியும்.

இந்த வேறுபாடு நடைமுறையில் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் ஒளிநாடாவில் பதிவு செய்து பிறகு பார்ப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இன்றும் இருக்கிறது. ஆனால் பதிவு செய்யும் பொத்தானே இல்லாத ஒரு செயலியில், திரையைப் படம்பிடிக்க முயன்றால் கறுப்புப் படம் மட்டுமே கிடைக்கும் ஒரு தொலைபேசியில், அந்த உரிமையைப் பயன்படுத்த இடமே இல்லை.

இரண்டாம் படி: பூட்டு இயங்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பூட்டிய மின்னூலில் மூன்று உறுப்புகள் சேர்ந்து இயங்குகின்றன. முதலாவது, குறியாக்கம் செய்யப்பட்ட கோப்பு. சாவி இல்லாமல் அதைத் திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியல்தான் தெரியும். இரண்டாவது, கடையின் உரிம சர்வர். உங்கள் கணக்கையும் கருவியையும் சரிபார்த்துச் சாவியை அனுப்புவது அதுவே. மூன்றாவது, அந்தச் சாவியைப் பெற்று, உங்களிடம் காட்டாமல் தனக்குள் வைத்துக்கொண்டு, கடை வகுத்த விதிகளின்படி மட்டும் நூலைத் திறந்துகாட்டும் செயலி. இவற்றில் ஒன்று நின்றுபோனாலும் புதிய கருவியில் நூல் திறக்காது. என் பழைய நூல்களுக்கு நேர்ந்தது இரண்டாவது உறுப்பின் மறைவு.

இந்த அமைப்பில் தீர்க்க முடியாத ஓர் இக்கட்டு இருக்கிறது. படத்தைப் பார்க்க வேண்டியவரும் நகலெடுப்பார் என்று அஞ்சப்படுபவரும் ஒரே ஆள் என்பதால், சாவியை எங்கேனும் ஓரிடத்தில் அவருடைய கருவிக்குள்ளேயே வைத்தாக வேண்டியிருக்கிறது. டிவிடி தட்டுகளின் பூட்டு 1999இல் திறக்கப்பட்டு, அதற்கான சிறு நிரல் இணையத்தில் பரவியது. அதை வெளியிட்டவர்களில் ஒருவரான நார்வே நாட்டு யோன் லெக் யோஹான்சென் அப்போது பதின்ம வயதினர். தாம் வாங்கிய தட்டைத் தம் கணினியில் பார்ப்பதற்கான வழியைத் தேடியது குற்றமாகாது என்று நார்வே நீதிமன்றங்கள் 2003இல் இருமுறை அவரை விடுவித்தன. அதன்பின் வந்த பூட்டுகள் மேலும் கடினமானவை. ஆனாலும் அடிப்படை இக்கட்டு மாறவில்லை.

இன்றைய காணொளிச் சேவைகள் பெரும்பாலும் மூன்று பூட்டு அமைப்புகளை நம்பியிருக்கின்றன: கூகுளின் வைட்வைன், மைக்ரோசாஃப்ட்டின் பிளேரெடி, ஆப்பிளின் ஃபேர்பிளே. வைட்வைனில் நிலைகள் உண்டு. எல்1 நிலையில் படத்தைத் திறக்கும் வேலை முழுவதும் கருவியின் பாதுகாக்கப்பட்ட வன்பொருள் பகுதிக்குள் நடக்கிறது. எல்3 நிலையில் மென்பொருளே அதைச் செய்கிறது. எல்3 மட்டுமே உள்ள கருவிகளுக்குப் பல சேவைகள் உயர்தரப் படத்தைத் தருவதில்லை. பெரிய திரையும் வேகமான இணைப்பும் இருந்தும் படம் மங்கலாகவே தெரிகிறதென்றால், திரையையோ இணைப்பையோ மாற்றும் முன் உங்கள் கருவியின் வைட்வைன் நிலை என்ன என்று பாருங்கள். அதைக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன.

கம்பிக்குள்ளும் ஒரு பூட்டு இருக்கிறது. நண்பர்கள் சிலருடன் ஒரு ஆவணப்படம் பார்ப்பதற்காக மடிக்கணினியைப் பழைய புரொஜெக்டருடன் இணைத்தேன். சேவையின் முகப்புப் பக்கம் சுவரில் தெளிவாகத் தெரிந்தது. படத்தை இயக்கியதும் சுவர் முழுக்கக் கறுப்பானது. குரல் கேட்டது, இசை கேட்டது, கறுப்பின் அடியில் வசன வரிகள் வெள்ளை எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தன, படம் மட்டும் வரவில்லை. அரை மணி நேரம் கம்பியையும் கணினியையும் மாற்றி மாற்றிப் பார்த்த பின்னரே காரணம் தெரிந்தது. எச்டிசிபி என்ற பூட்டு, படத்தை அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்ட பின்பே படத்தை விடும். அந்தப் புரொஜெக்டருக்கு அது தெரியாது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் முதலில் இடையில் உள்ள இணைப்பான்களையும் பிரிப்பான்களையும் அகற்றி, எச்டிஎம்ஐ கம்பியை நேரடியாகச் செருகிப் பாருங்கள். அடுத்து இரண்டு கருவிகளையும் அணைத்து மீண்டும் இயக்குங்கள். அதற்கும் படம் வரவில்லை என்றால் வேறு திரை தேடுவதே வழி. புதிய திரை வாங்குபவர்கள், 4கே படங்களுக்குப் பொதுவாக எச்டிசிபி 2.2 வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாம் படி: வாடகையா, விற்பனையா என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நீங்கள் எடுத்துச் செல்வதென்றால் அது இந்தப் பிரிவில் இருப்பதாகவே இருக்கட்டும். மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் படமும், நூலகத்திலிருந்து இரண்டு வாரத்துக்குப் பெறும் மின்னூலும் வாடகை. தவணை முடிந்ததும் அவை மூடிக்கொள்வது இயல்பானது. பூட்டு இல்லையென்றால் நூலகங்களுக்கு மின்னூல் கொடுக்கப் பதிப்பாளர்கள் முன்வரமாட்டார்கள். அங்கே பூட்டு இருப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. முழு விலையையும் வாங்கிக்கொண்டு, ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்த வைத்துவிட்டு, பிறகு வாடகைப் பொருளைப் போலவே பூட்டித் தருவதைத்தான் நான் ஏற்கவில்லை.

அப்படித் தரப்பட்ட பொருள் திரும்பவும் போய்விடும் என்பதற்கு 2009 ஜூலையில் நடந்தது நன்கறியப்பட்ட சான்று. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நாவல்களின் மின்பதிப்புகளை, அவற்றை விற்கும் உரிமை இல்லாத ஒரு பதிப்பாளர் அமேசானில் ஏற்றியிருந்தார். அது தெரியவந்ததும் அமேசான் நிறுவனம் வாங்கியவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்தே அந்த நூல்களை நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பின்னர் நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். உரிமையற்ற விற்பனையை நிறுத்தியது சரியே; ஆனால் அச்சு நூலாக இருந்திருந்தால் எந்தக் கடையும் வாசகரின் வீட்டு அலமாரிக்குள் கையை நுழைத்திருக்க முடியாது.

ஆகவே பணம் செலுத்தும் பக்கத்திலேயே நின்று சில கேள்விகளுக்கு விடை தேடுங்கள். கோப்பைப் பதிவிறக்க முடியுமா, அல்லது கடையின் செயலிக்குள் மட்டுமே திறக்குமா? எத்தனை கருவிகளில் திறக்கலாம்? இணைய இணைப்பு இல்லாமல் எவ்வளவு நாள் இயங்கும்? விதிமுறைகளில் ‘உரிமம்’ என்ற சொல் எங்கே வருகிறது, அந்த உரிமத்தை அவர்கள் எப்போது திரும்பப் பெறலாம் என்று எழுதியிருக்கிறார்கள்? கணக்கு முடக்கப்பட்டால் ஏற்கெனவே வாங்கியவை என்ன ஆகும்? விதிமுறைகள் நீளமானவை என்பதால், பக்கத்திலேயே தேடும் வசதியைப் பயன்படுத்தி உரிமம், நிறுத்தம், திரும்பப் பெறுதல் ஆகிய சொற்களை மட்டும் தேடிப் படித்தாலே பத்து நிமிடத்தில் வேண்டிய விடைகள் பெரும்பாலும் கிடைத்துவிடும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், திரும்பப் பெறக்கூடிய உரிமத்தை மட்டும் தந்துவிட்டு ‘வாங்கு’ என்று விளம்பரம் செய்யும் கடைகள் அந்த உண்மையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், பல நிறுவனங்களின் பணம் செலுத்தும் பக்கத்தில் இப்போது அந்தச் சிறு எழுத்துக் குறிப்பைக் காணலாம்.

மறுவிற்பனைக்கும் இங்கே இடமில்லை. படித்து முடித்த அச்சு நூலைப் பழைய புத்தகக் கடையில் விற்கலாம். வாங்கிய பாடல் கோப்புகளை மறுவிற்பனை செய்ய உதவிய ரீடிஜி என்ற நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பயன்படுத்திய மின்னூல்களை விற்பதற்கு எதிராக ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பல சேவைகளின் விதிமுறைகள் கணக்கை இன்னொருவருக்கு மாற்றுவதையும் தடுப்பதால், உங்களுக்குப் பின் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் என்று எண்ணி ஒரு பூட்டிய நூலகத்தைக் கட்டாதீர்கள்.

நான்காம் படி: பூட்டில்லாத பதிப்பைத் தேடுங்கள்

இசை வாங்குபவர்களுக்கு நல்ல செய்தி. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் ஒரு திறந்த மடல் எழுதி, பூட்டில்லாமல் இசையை விற்க அனுமதிக்குமாறு பெரிய இசை நிறுவனங்களைக் கேட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் இஎம்ஐ என்ற இசை நிறுவனம் சம்மதித்தது. 2009 ஜனவரியில், ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடையின் பாடல்கள் அனைத்தும் பூட்டில்லாமல் கிடைக்கும் என்ற அறிவிப்பு வந்தது. இன்று பதிவிறக்கமாக விற்கப்படும் இசை பெரும்பாலும் எம்பி3, ஏஏசி, ஃப்ளாக் போன்ற திறந்த கோப்புகளாகவே வருகிறது. பூட்டை எடுத்தால் தொழில் அழிந்துவிடும் என்ற அச்சம் அங்கே மெய்ப்படவில்லை என்பதை நூலும் படமும் விற்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். சந்தா முறையில் கேட்கும் பாடல்கள் மட்டும் இன்னும் பூட்டுக்குள் இருக்கின்றன, அவை வாடகை.

விளையாட்டுகளில் 2008 முதல் ஜிஓஜி என்ற கடை பூட்டில்லாத நிறுவல் கோப்புகளையே விற்று வருகிறது. நூல்களில் டார் என்ற ஆங்கிலப் பதிப்பகம் 2012இல் தன் மின்னூல்கள் அனைத்திலிருந்தும் பூட்டை நீக்கியது. பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைக் குட்டன்பர்க் திட்டம் என்ற இலவச மின்னூலகம் 1971 முதல் திரட்டித் தருகிறது. வாழும் படைப்பாளர்களே, பிறர் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தம் ஆக்கங்களைப் பகிர்வதும் உண்டு. பெரிய கடையில் ஒரு நூலைக் கண்டதும் உடனே வாங்காமல், பதிப்பகமோ ஆசிரியரோ நேரடியாக விற்கிறார்களா என்று ஒருமுறை தேடுங்கள். அதே நூல் அங்கே ஈபப் என்ற மின்னூல் வடிவில், பூட்டில்லாத கோப்பாகக் கிடைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பூட்டு இருக்கிறதா இல்லையா என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கடையில் இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கிடைக்கும் ஒரு நூலை முதலில் எடுங்கள். பதிவிறக்கிய கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஏசிஎஸ்எம் என்று முடிந்து, அளவும் சில கிலோபைட்டுகள் மட்டுமே இருந்தால் உங்கள் கையில் இருப்பது நூலாகாது; அடோபியின் மென்பொருளிடம் கொடுத்துப் பூட்டிய நூலைப் பெற்றுக்கொள்வதற்கான சீட்டு அது. ஈபப் அல்லது பிடிஎஃப் என்று முடிந்தால், அந்தக் கோப்பை அந்தக் கடையுடன் எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு கருவிக்கு மாற்றி, இணையத்தைத் துண்டித்து, வேறு நிறுவனத்தின் வாசிப்புச் செயலியில் திறவுங்கள். முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் நடுவில் ஓர் அத்தியாயத்துக்குப் போங்கள். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துப் பாருங்கள். எல்லாம் நடந்தால் அந்தக் கோப்பில் பூட்டு இல்லை. பதிவிறக்கவே வழியில்லை என்றால், பூட்டு எந்த வகை என்று ஆராயும் தேவையும் இல்லை. விற்பனைக்குப் பிறகு விதி மாறுவதும் உண்டு: வாங்கிய நூல்களைக் கணினிக்குப் பதிவிறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26 அன்று நிறுத்தியது.

ஐந்தாம் படி: வாங்கியவற்றுக்குப் பட்டியல் வைத்திருங்கள்

ஒரு சாதாரண விரிதாள் போதும். பெயர், வாங்கிய நாள், கடை, எந்த மின்னஞ்சல் கணக்கு, பூட்டு உண்டா இல்லையா, நகல் எங்கே இருக்கிறது என்று ஆறு நெடுவரிசைகள். பூட்டில்லாதவற்றை வாங்கிய அன்றே இரண்டு தனித்தனி வட்டுகளில் நகலெடுத்து வையுங்கள். உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கான இந்த நகல் உங்களோடு இருக்கட்டும், நண்பர் குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். பூட்டியவற்றுக்கு ரசீதையும் விதிமுறைப் பக்கத்தின் அன்றைய வடிவத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். நான் தவறவிட்டது மின்னஞ்சல் முகவரியை. கடைகளில் பதிவு செய்த முகவரியை மாற்றும்போது, பட்டியலில் உள்ள ஒவ்வொரு கடையிலும் அதே நாளில் மாற்றிவிடுங்கள்.

ஆறாம் படி: கடை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தால்

இது அரிதாக நடப்பதில்லை. எம்எஸ்என் மியூசிக் கடையில் பாடல் வாங்கியவர்களிடம், 2008 ஆகஸ்ட் 31க்குப் பிறகு புதிய கணினிகளுக்கு உரிமம் வழங்கப்படாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு அந்தக் காலத்தை நீட்டித்தது. யாஹூவின் இசைக் கடையும் அதே ஆண்டு செப்டம்பரில் மூடப்பட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, ஜூலை முதல் நூல்கள் திறக்காமல் போயின. அந்நிறுவனம் முழுப் பணத்தையும் திருப்பித் தந்தது. நூல்களில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் தந்தது. பணம் திரும்பி வந்தாலும், ஓரத்தில் எழுதிய குறிப்புகளை அந்தத் தொகை எப்படி ஈடுசெய்யும் என்று எனக்கு விளங்கவில்லை. 2014இல் வெளியான தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31இல் நிறுத்தியதும், தனியாக விளையாடியவர்களாலும் அதைத் திறக்க முடியாமல் போனது.

அறிவிப்பைக் கண்டதும் கடைசி நாள் எது என்று குறித்துக்கொண்டு, அன்றே வேலையைத் தொடங்குங்கள். பதிவிறக்கக் கூடிய எல்லாவற்றையும் பதிவிறக்குங்கள். கருவிகளுக்கு உரிமம் பெற வேண்டுமென்றால், நீண்ட காலம் உழைக்கக்கூடிய கருவி ஒன்றுக்குக் கெடு முடியும் முன் பெற்றுவிடுங்கள். பிறகு அந்தக் கருவியின் இயங்குதளத்தை அழித்து நிறுவாதீர்கள். மேற்கோள்களையும் குறிப்புகளையும் தனிக் கோப்பில் எழுதி எடுங்கள். அடுத்ததாக, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள். ரசீது எண், வாங்கிய நாள், ‘வாங்கு’ என்று காட்டப்பட்ட பக்கத்தின் படம் ஆகியவற்றை இணையுங்கள். கடை தானாகப் பணம் தருவதாக அறிவிக்காதபோதும் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். மறுத்தால் உங்கள் நாட்டின் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்கு அதே கடிதத்தை அனுப்பலாம்.

ஏழாம் படி: பூட்டு உங்கள் கருவிக்குள் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்

2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் சில இசைத் தட்டுகளில் எக்ஸ்சிபி என்ற நகல் தடுப்பு மென்பொருளைச் சேர்த்திருந்தது. தட்டைக் கணினியில் இட்டு, உடன்வந்த பாடல் இயக்கும் மென்பொருளை நிறுவியதும், அந்த மென்பொருள் விண்டோஸின் அடித்தளத்தில் பதிந்து, குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் கோப்புகள் அனைத்தையும் பயனரின் கண்ணிலிருந்து மறைத்தது. அவ்வாறு மறைக்கப்பட்ட இடத்தில் வைரஸ்களும் ஒளிந்துகொள்ள முடிந்தது. சில ஒளிந்தும் கொண்டன. மார்க் ருசினோவிச் என்ற மென்பொருள் வல்லுநர் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் இதை வெளியிட்ட பின், தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, வழக்குகள் தொடுக்கப்பட்டன. காசு கொடுத்துத் தட்டு வாங்கியவரின் கணினிதான் பாதிக்கப்பட்டது என்பதும், திருட்டுக் கோப்பைப் பதிவிறக்கியவருக்கு எதுவும் நேரவில்லை என்பதும் இந்த நிகழ்வில் என்னை இன்றும் வருந்தச் செய்கின்றன. ஒரு படத்தையோ விளையாட்டையோ திறக்க நிர்வாகி அனுமதி கேட்கும் துணை மென்பொருள் வந்தால், அதன் பெயரை இணையத்தில் தேடிப் படித்த பின்பே ஒப்புதல் கொடுங்கள்.

ஊடகத்துக்கு வெளியேயும் பூட்டு பரவியிருக்கிறது. அச்சுப்பொறியின் டோனர் பெட்டியில் உள்ள சிறு நிரலைக் காட்டி, வேறு நிறுவனத்தின் பெட்டிகளைத் தடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தையே பயன்படுத்தப் பார்த்தது லெக்ஸ்மார்க் நிறுவனம். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் அதை ஏற்கவில்லை. டிராக்டரைப் பழுதுபார்க்கும் உழவரும் அதன் மென்பொருள் பூட்டை எதிர்கொள்கிறார். பூட்டை உடைக்கக் கூடாது என்ற அமெரிக்கச் சட்டத்திலிருந்து 2015இல்தான் அதற்கு விதிவிலக்கு கிடைத்தது. அச்சுப்பொறி வாங்கும்போது பிற நிறுவனப் பெட்டிகளை ஏற்குமா என்று கேளுங்கள்.

பார்வையற்ற வாசகர்களுக்குப் பூட்டு இன்னொரு சுவர். திரைவாசிப்பான் மென்பொருளுக்கு எழுத்துகள் தேவை. பூட்டிய செயலி எழுத்துகளைத் தர மறுத்தால் நூல் ஊமையாகிவிடும். 2009இல் கிண்டில் 2 கருவி நூல்களை உரக்கப் படிக்கும் வசதியுடன் வந்தபோது, அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. அந்த வசதியை நூலுக்கு நூல் அணைக்கும் உரிமை பதிப்பாளர்களுக்குத் தரப்பட்டது. 2013இல் உருவாகி 2016இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் வழிவகுத்தது. அதை முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. உங்கள் வீட்டில் அத்தகைய வாசகர் இருந்தால், நூலின் மாதிரிப் பகுதியை அவருடைய திரைவாசிப்பானிலேயே திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எட்டாம் படி: பூட்டை நீக்கும் எண்ணம் வந்தால் முதலில் சட்டத்தைப் படியுங்கள்

தாம் வாங்கிய நூலின் பூட்டை நீக்குவதில் என்ன தவறு என்று புதியவர்கள் கேட்பது இயல்பு. பல நாடுகளில் பூட்டை உடைப்பதே தனிக் குற்றம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1996இல் ஜெனீவாவில் உருவான உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பதிப்புரிமை உடன்படிக்கை, பூட்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு தருமாறு உறுப்பு நாடுகளைப் பணித்தது. அமெரிக்கா 1998இல் டிஎம்சிஏ சட்டத்தையும், ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் தன் நெறிமுறையையும், இந்தியா 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவையும் கொண்டுவந்தன. இவை ஒன்றுபோல இல்லை. அமெரிக்கச் சட்டம் பூட்டைத் திறப்பதையும் அதற்கான கருவியைப் பரப்புவதையும் பொதுவாகத் தடைசெய்துவிட்டு, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் வழியாகக் குறிப்பிட்ட விதிவிலக்குகளை அளிக்கிறது. இந்தியச் சட்டமோ, பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. அதற்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நோக்கத்தைப் பார்க்கும் இந்த முறையே எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது.

சட்டத்தின் கடுமை ஆய்வாளர்களையும் தொட்டிருக்கிறது. மின்னூல் பூட்டின் பலவீனங்களைப் பற்றி லாஸ் வேகஸ் மாநாட்டில் பேசிய ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்லியாரோவ் 2001 ஜூலையில் அங்கேயே கைது செய்யப்பட்டார். அவர் பணியாற்றிய நிறுவனத்தை அமெரிக்க நடுவர் குழு 2002இல் குற்றமற்றது என்று விடுவித்தது. ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவை நேரடியாகப் படியுங்கள். ஐயம் இருந்தால் வழக்கறிஞரையோ நூலகரையோ கேளுங்கள். கேட்டுத் தெளியும் வரை, கடையிடம் மாற்றுக் கோப்புக் கேட்பதும் பணத்தைத் திருப்பிக் கேட்பதும் மட்டுமே உங்கள் வழியாக இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: நீங்களே படைப்பாளியாக இருந்தால்

உங்கள் நூலை விற்பனைக்கு ஏற்றும்போது, பூட்டு வேண்டுமா என்று பல தளங்கள் உங்களையே கேட்கின்றன; சிலவற்றில் அந்த முடிவைப் பின்னர் மாற்ற முடியாமல் போகலாம், எனவே அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். இரவு பகலாக உழைத்து எழுதியதை ஒருவர் இலவசமாகப் பரப்புவதைக் கண்டால் வரும் வலியை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் பூட்டைத் திறக்கத் தெரிந்த ஒரே ஒருவர் போதும், அதன்பின் பரவுவது பூட்டில்லாத நகல்தான். பூட்டோடு வாழ நேர்வது உங்களுக்குப் பணம் கொடுத்த வாசகர்களுக்கு. இடைப்பட்ட வழியாக, வாங்கியவரின் பெயரையோ ஆணை எண்ணையோ ஒவ்வொரு நகலிலும் பதிக்கும் முறை இருக்கிறது. அது எதையும் தடுப்பதில்லை. தம் பெயர் உள்ள கோப்பைப் பொதுவில் போட வாசகரைத் தயங்கவைக்கிறது.

பூட்டுடன் விற்பதென்று முடிவு செய்தாலும், விற்பனைப் பக்கத்தில் கோப்பின் வடிவத்தையும் எத்தனை கருவிகளில் திறக்கும் என்பதையும் விலைக்கு அருகிலேயே எழுதுங்கள். பதிப்பகத்துடன் ஒப்பந்தம் செய்பவர்கள், கடை மூடப்பட்டால் வாங்கியவர்களுக்குப் பூட்டில்லாத கோப்பு அனுப்பப்படும் என்ற ஒரு வரியைச் சேர்க்கக் கேளுங்கள். நூல் வெளியான நாளன்று, வேறொரு பெயரில் கணக்குத் தொடங்கி, பணம் கொடுத்து உங்கள் நூலை நீங்களே ஒருமுறை வாங்குங்கள். பிறகு அந்தக் கோப்பை வீட்டில் இருக்கும் மிகப் பழைய தொலைபேசிக்கு மாற்றி, இணையத்தை அணைத்துவிட்டு, திறக்கிறதா என்று பாருங்கள்.